பேசியவர் கைக்கு ஏடு சேர வேண்டும்
எத்னிக் ஸ்டடீஸ் ஆனர்ஸ் மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

கலிஃபோர்னியாவில் எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழு ஆய்வியல்) படித்து, இளங்கலை ஆனர்ஸ் ஆய்வேடு எழுதத் துணிந்திருக்கும் மாணவர்கள் நாங்கள். எங்கள் துறைக்கும் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் இதை எழுதுகிறோம்.

இந்தத் துறையை யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கோரிக்கைகள் பதினைந்து. டிசம்பர் 2 அன்று கல்லூரியின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டியின் மேல் ஏறி ஒயரைப் பிடுங்கினார். அப்படியும் போராட்டம் 1969 மார்ச் வரை நீடித்தது. அந்த ஜனவரியில் பெர்க்லி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோரிக்கைப் பட்டியலில் பிறந்த துறை இது. அதன் வாசலில் நின்று இன்னொரு பட்டியலை நீட்ட எங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் காலம். நான்காம் ஆண்டு ஆகஸ்டில் தலைப்பைத் தேடி, மே மாதம் ஏட்டைக் கட்டிக் கொடு என்பது எங்களால் ஆகாது. மூன்றாம் ஆண்டின் வசந்தப் பருவத்திலேயே திட்டமிடலுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும், அதற்குக் கிரெடிட்டும் வேண்டும். கேள்வியைச் சுருக்குவதற்கே மாதங்கள் பிடிக்கின்றன. "பிலிப்பினோ தொழிலாளர் போராட்டம்" என்று தொடங்குகிறவர், "1965 செப்டம்பர் 8 அன்று டிலானோவில் திராட்சைப் பறிப்பை நிறுத்தியவர்களுக்கு முகாம்களில் சமைத்துப் போட்டது யார்?" என்ற இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆய்வேடு அங்கேதான் ஆரம்பமாகிறது. வழிகாட்டிப் பேராசிரியர் கூடவே உட்கார்ந்து பேசாமல் யாரும் அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆகவே வழிகாட்டும் நேரத்தைப் பேராசிரியரின் வேலைப்பளுக் கணக்கில் சேருங்கள். இன்று அவர்கள் அதைத் தங்கள் மதிய உணவு நேரத்தில் செய்கிறார்கள்.

அடுத்தது ஒப்புதல் படிவம். எங்களில் ஒருத்தி போன கோடையில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனாள். நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தை மேசையில் வைத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. காப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்தார். "கையெழுத்துப் போட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்று இலோகானோ மொழியில் பேரனிடம் கேட்டார். ரெக்கார்டரை அணைத்த பிறகு ஒரு மணி நேரம் பேசினார். படிவத்தில் கையெழுத்து இல்லாததால் அந்தப் பேச்சில் ஒரு வரியைக்கூட அவளால் ஏட்டில் சேர்க்க முடியவில்லை. கோப்பையின் வட்டக் கறை படிந்த அந்தத் தாள் இன்னும் அவளிடம் இருக்கிறது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதிகள் 2017-இல் திருத்தப்பட்டன. குறிப்பிட்ட தனிமனிதர்களைப் பற்றியே பதிவுசெய்யும் வாய்மொழி வரலாறு, அந்த விதிகள் சொல்லும் 'ஆய்வு' என்ற வரையறைக்குள் வராது. அந்த வரையறைக்குள் வரும் ஆய்விலும், உரிய சூழலில் கையெழுத்தில்லாமல் வாய்மொழியாக ஒப்புதல் பெற விதிகளில் இடமிருக்கிறது. எங்கள் திட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். விளக்கத்தாள் பேசுகிறவரின் மொழியில் இருக்க வேண்டும். பேசியவர் பின்னால் மனம் மாறினால் தன் பேச்சைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். இதில் எங்களுக்கு வசதிக்குறைவு என்றாலும் பரவாயில்லை.

பணம்: பஸ் கட்டணம், பேட்டியை எழுத்தாக்கும் கூலி, மொழிபெயர்ப்பவருக்குச் சம்பளம். பேரனையும் பேத்தியையும் சும்மா மொழிபெயர்க்க வைப்பது சுரண்டல். தோட்ட முதலாளி செய்தால் அதைச் சுரண்டல் என்று எழுதுகிற நாங்களே அதைச் செய்யக்கூடாது.

ஆவணக் காப்பகம் வாரநாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. கடையிலும் கிடங்கிலும் வேலை பார்த்துப் படிக்கிறவர்களுக்காகச் சனிக்கிழமையும் திறந்து வையுங்கள். ஆனர்ஸில் சேர வைத்திருக்கும் மதிப்பெண் வரம்பைத் தளர்த்தி, ஆய்வு முன்மொழிவையும் பார்த்துச் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. எங்களுக்கு இதுதான் முக்கியம். ஏடு நூலக அலமாரியோடு நின்றுவிடக் கூடாது. பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் அச்சிட்ட பிரதி ஒன்று, அவர் மொழியில் சுருக்கம் ஒன்று, குரல் பதிவு ஒன்று துறைச் செலவில் போய்ச் சேர வேண்டும். மதிப்பிடுவோரில் ஒருவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பேராசிரியருக்குத் தருவதுபோல அவருக்கும் மதிப்பூதியம் கொடுங்கள்.

இந்தப் பருவம் முடிவதற்குள் துறைக் கூட்டத்தைக் கூட்டி எங்களுக்குப் பதில் சொல்லுங்கள். கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். அதுவரை எங்களில் பாதிப்பேர் வேலையில் இருப்போம்.