பின் டிரம் பிரேக்: நோயறிந்து மருந்து கொடுங்கள்



1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் இன்றும் நம் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தகப்பனார் ஓட்டிய காரை மகன் எடுத்துக்கொள்கிறான். பெரிய ரிம் போடுகிறான், குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்துகிறான், சாயம் பூசுகிறான். கார் அழகாகிவிடுகிறது. ஆனால் பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றிப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. பிரேக் சரியில்லை என்றதும் மாஸ்டர் பம்ப்பை மாற்றிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். தொல்லையோ தீர்ந்தபாடில்லை.

வகுப்பில் ஒரு பையன் அழுதால், வயிற்று வலியா, வீட்டுப்பாடம் எழுதவில்லையா என்று முதலில் கேட்கிறோம் அல்லவா? பிரேக்கையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம். அதனுள் பிறை வடிவில் இரண்டு பிரேக் சூக்கள் இருக்கின்றன. மிதியை மிதித்தால் பிரேக் எண்ணெய் வீல் பம்ப்பைத் தள்ளும். சூக்கள் விரிந்து டிரம்மை உரசும். காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கை பிரேக்கின் கம்பி இழுப்பதும் இதே சூக்களைத்தான். இவ்வளவுதான் கதை. இனி அது சொல்லும் அடையாளங்களைப் பார்ப்போம்.

1. மிதி ஆழமாக இறங்குகிறது. உடனே மறுமுறை மிதித்தால் மேலேயே நிற்கிறது. சூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பெரும்பாலும் பொருள். தேய்மானத்தைச் சரிக்கட்டும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருக்கும். கை பிரேக்கும் மேலே வெகுதூரம் வரும். அப்போது கம்பியை மட்டும் முறுக்கி இறுக்குவது தவறு. இறுகிய கம்பி, தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டரையும் வேலை செய்யவிடாது. முதலில் சூவைச் சரிசெய்யுங்கள், கம்பி பிறகு.

2. மிதி பஞ்சு போல் இருக்கிறது. குழாயில் காற்று புகுந்திருக்கலாம். காற்றை வெளியேற்ற வேண்டும். அது எந்த வழியாகப் புகுந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

3. மிதியை அழுத்தியபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறது. எங்கோ எண்ணெய் கசிகிறது. அல்லது மாஸ்டர் பம்ப் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுக்கிறது. பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் பம்ப் கசிகிறதா என்று பாருங்கள். இந்த அடையாளம் கண்டபின் காரை வீட்டு வாசலைவிட்டு நகர்த்தாதீர்கள்.

4. ஒரு பின் சக்கரம் மட்டும் திடீரென்று பிடித்துக்கொள்கிறது. சூவின் லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கலாம். பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவது வீண் சிக்கனம். கசிவை நிறுத்தி, இரண்டு பக்கச் சூக்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

5. கார் தடையின்றி உருள மறுக்கிறது, சக்கரம் சூடேறுகிறது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பின் சக்கரத்தைத் தூக்கி, காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால், எண்ணெய் அழுத்தம் திரும்பாமல் சிக்கியிருக்கிறது. ரப்பர் குழாயையும் மாஸ்டர் பம்ப்பையும் பாருங்கள். அப்படியும் விடுபடாவிட்டால், துருப்பிடித்த கை பிரேக் கம்பி, தளர்ந்த ஸ்பிரிங், இறுகிப்போன வீல் பம்ப் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

6. பிரேக் பிடிக்கும்போது அதிர்கிறது. ஆள் நடமாட்டமில்லாத சமமான பாதையில், மெதுவாகப் போகும்போது, கை பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கை பிரேக்கை இலேசாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் தவறியிருக்கக்கூடும். மிதியில் மட்டும் அதிர்ந்தால் முன் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

மாற்றியமைத்த கார் வைத்திருப்போர் இன்னும் கவனிக்க வேண்டும். பெரிய ரிம்மோடு டயரின் மொத்த உயரமும் கூடினால், அதே டிரம் தரையில் காட்டும் பிடி குறையும். முன்னால் பெரிய டிஸ்க் பொருத்தினால், பழைய மாஸ்டர் பம்ப் தள்ளும் எண்ணெய் போதாமல் மிதி ஆழமாகப் போகலாம். பழியோ பின் டிரம்மின் மேல் விழும். சில கார்களில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் அச்சோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட காரைத் தாழ்த்தினால், பின்னால் பாரம் ஏற்றியிருப்பதாக வால்வு ஏமாந்துபோகும். பின் பிரேக்கைக் கூடுதலாகப் பிடிக்கச் செய்யும்.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் முன் சக்கரங்களே அதிக வேலை செய்ய வேண்டும். பின் சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டிக்கொண்டால் காரின் வால் சுழன்றுவிடும். மழை நனைத்த செம்மண் இறக்கத்தில், பின் இருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அப்படி ஒரு நிலை யாருக்கும் வரக்கூடாது.

நீங்களே திறந்து பார்ப்பதானால் சில எச்சரிக்கைகள். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காரை ஜேக்கின் மேல் மட்டும் நம்பி விடாதீர்கள். செங்கல்லை அடுக்கவும் வேண்டாம். சரியான தாங்கி வையுங்கள். ஒரு பக்கத்தை முடித்தபிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே மாட்டுவது என்பதற்குத் திறக்காத பக்கமே வழிகாட்டி. உள்ளே உள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள். டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தால் கடையாதீர்கள், புதிது வாங்குங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். இஞ்சின் எண்ணெயை ஒருபோதும் அதில் ஊற்றக்கூடாது. ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

கைப்பழக்கம் இல்லாதவர்கள் நல்ல போர்மேனிடம் கொண்டுபோங்கள். ஆனால், "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிதி எப்படி இருக்கிறது, எந்தச் சக்கரம் சூடேறுகிறது, காரில் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காரணம் தெரியாமல் மாற்றிய புதுச் சாமானும் சீக்கிரமே பழையதாகிவிடும்.

ரிம்முக்குச் செலவழிக்கக் காசு இருக்கும் வீட்டில், இரண்டு ஜோடிச் சூவுக்கும் காசு இருக்கத்தான் வேண்டும். ஓடுவது காருக்குப் பெருமை; நினைத்த இடத்தில் நிற்பது அதில் ஏறியவர்களுக்கு உயிர்.