திராட்சை இங்கே, ஒயின் எங்கே? கோம்பை - குமுளி பாதையில் மெனுவை எழுதுவது யார்?

வார இறுதியில் நாலு உணவகம் ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு டிஷ், ஒரு காக்டெயில் என ருசி பார்ப்பது சென்னை, பெங்களூரு இளைஞர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதே செட் தேனி மாவட்டம் கோம்பைக்கு வந்தால் என்ன கிடைக்கும்?

சாப்பாட்டுக்குக் குறைச்சலே இல்லை. பரோட்டா, சால்னா, கறிதோசை, ஜிகர்தண்டா என மதுரை ருசி கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். ஆனால், அந்தத் திராட்சையில் செய்த ஒயினைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து ருசிக்கும் கலாசாரம் இங்கே வளரவில்லை. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு மேலே, கேரளத்தின் ராமக்கல்மேடு இருக்கும் இடுக்கி மாவட்டத்தில், கள்ளும் கப்பைக்கிழங்கும் சட்டப்படியே பரிமாறப்படுகின்றன. மலை ஒன்றுதான், மெனு மட்டும் ஏன் இரண்டு?

கம்பம் திராட்சைக்கு என்ன ஸ்பெஷல்?

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. உலகச் சந்தையில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. மற்ற இடங்களில் குறிப்பிட்ட சீசனில்தான் திராட்சை வரும். கம்பம் பள்ளத்தாக்கின் மண்ணும் தட்பவெப்பமும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அறுவடைக்குக் கைகொடுக்கின்றன. 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

ஜூஸ், ஜாம், உலர்திராட்சை, ஒயின் என எல்லாவற்றுக்கும் இந்த ரகம் ஏற்றது. ஆனாலும், பெரும்பகுதி பழமாகவே விற்கப்படுகிறது. பறித்த பழம் சீக்கிரம் கெட்டுப்போகும். மழை பெய்தால் வெடிக்கும். வரத்து கூடினால் விலை சரியும். புவிசார் குறியீடு பெயரைத்தான் பாதுகாக்கும். விலைக்கு உத்தரவாதம் தராது.

அப்போ காக்டெயில் ஏன் கிடைப்பதில்லை?

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுபானச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்களைப் பலரும் மது விற்கும் இடம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் பார் எடுத்தவருக்குக் கிடைப்பது, தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும் உள்ள உரிமை மட்டும்தான். பாட்டிலைக் கடையில் வாங்க வேண்டும், சைட் டிஷ்ஷைப் பாரில் வாங்க வேண்டும். கலந்து, அலங்கரித்து, கிளாஸில் ஊற்றி விற்க இருவருக்குமே வழியில்லை.

அப்படிப் பரிமாற உரிமம் பெற்றவை முக்கியமாக கிளப்களும் நட்சத்திர ஓட்டல்களும்தான். அதனால்தான் காக்டெயில் மெனு சென்னை, கோவை போன்ற பெருநகரங்களோடு நின்றுவிடுகிறது. கம்பத்தில் நல்ல சமையல்காரர் ஒருவர் சின்ன ரெஸ்டாரன்ட் திறந்து, உள்ளூர்த் திராட்சையையும் மலை ஏலக்காயையும் வைத்து ஒரு டிரிங்க் உருவாக்கினாலும், அதில் ஆல்கஹால் இருந்தால் விற்க முடியாது.

மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படி?

மதுபானம், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் வருகிறது. அதன் மீதான வரியும் அப்படியே. குடிக்கும் மது இன்றுவரை ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஆக, குமுளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் சட்டமே மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. அங்கே கள்ளைவிட, கப்பையும் காரமான மீன்கறியும் தேடி வருகிறவர்கள் ஏராளம். ஒரு பானத்துக்குக் கிடைத்த அனுமதி, ஒரு சமையல் மரபையே வளர்த்திருக்கிறது. ‘ஷாப்பு கறி’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஆனால், அந்தக் கள்ளைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கினால் அது குற்றம்.

நாசிக் என்ன செய்தது?

மகாராஷ்டிரம் 2001-ல் திராட்சைப் பதப்படுத்தலுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்து, ஒயின் ஆலைகளுக்குச் சலுகை கொடுத்தது. நாசிக்கில் சுலா நிறுவனம் 2005-ல் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் கூடம் திறந்தது. பிறகு ரெஸ்டாரன்ட், தங்கும் விடுதி எனச் சுற்றுலா வளர்ந்தது. கர்நாடகமும் 2007-ல் இதேபோன்ற கொள்கையை அறிவித்தது. திராட்சை விளையும் தமிழகத்தில் ஒயினும் பிராந்தியைப் போலவே டாஸ்மாக் கவுன்ட்டருக்குத்தான் போயாக வேண்டும். தோட்டத்துக்கு வரும் டூரிஸ்ட்டுக்கு நேரடியாக விற்கும் லாபம் விவசாயிக்கு எட்டுவதில்லை.

அரசு தயங்குவதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பெண்கள் பல ஊர்களில் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லிவிட்டது. ‘விவசாயிக்காக’ என்று திறக்கும் கதவு வழியாக யார் யார் நுழைவார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், இப்போதைய ஏற்பாடு குடியைக் குறைப்பதற்காக அமைந்தது என்றும் சொல்ல முடியவில்லை. மலிவான பிராந்தி தாராளமாகக் கிடைக்கிறது. சாப்பாட்டோடு நிதானமாக ஒரு கிளாஸ் என்ற வாய்ப்பு நட்சத்திர ஓட்டலுக்குப் போக வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தான். கட்டுப்பாடு அளவின் மீது இல்லை. இடத்தின் மீதும் பர்ஸின் மீதும்தான் இருக்கிறது.

அதுவரை?

மதுக் கொள்கை மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத மெனுவும் ஒன்று உண்டு. புளிக்காத தென்னை நீராவுக்குத் தமிழகம் 2017-லேயே வழிவிட்டது. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. பன்னீர் திராட்சை ஜூஸுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் போதும், மது உரிமம் வேண்டாம். ஆனாலும் இந்தப் பக்கத்து ஓட்டல்களில் ‘என்ன ஜூஸ் இருக்கு?’ என்று கேட்டால், பல நேரம் கைகாட்டப்படுவது ஃப்ரிட்ஜில் இருக்கும் கம்பெனி பாட்டில்தான். அந்த மெனுவை மாற்ற எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.