தசையின் அளவும் ஆயுளின் அளவும்

புற்றுநோய் கண்ட ஒருவருக்கு எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படத்தில் வைத்தியர்கள் தேடுவது, கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பவற்றையே. கட்டியைச் சுற்றி அதே படத்தில் விரிந்து கிடக்கும் சரீரத்தை, அதன் தசையையும் கொழுப்பையும், நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தி அளந்ததில்லை. அவ்வாறு ஒதுக்கப்பட்ட பகுதியும் நோயாளியின் ஆயுளைப் பற்றிப் பல உண்மைகளைச் சொல்லவல்லது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவாகி, இன்று அந்த அளவைக் கணினியே எடுத்துக் கொடுக்கும் காலமும் வந்திருக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்; ஆனால், நோயாளியைப் போஷிப்பதற்காகப் பிறந்த ஞானம் அவரைக் கைவிடுவதற்குரிய சாக்காகிவிடுமோ என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படமெடுத்த சி.டி. யந்திரம், சரீரத்தின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணாகவே பதிவு செய்கிறது. அவர் பெயரால் வழங்கும் அந்த அலகில் மைனஸ் 29 முதல் 150 வரை தசை, மைனஸ் 190 முதல் மைனஸ் 30 வரை கொழுப்பு என்று கொள்கிறார்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மூன்றாவது லம்பார் எலும்பின் மட்டத்தில் குறுக்காக எடுத்த ஒரே படத்தில் தெரியும் தசையின் பரப்பு, உடல் முழுவதிலும் உள்ள தசையோடு நெருங்கிய சம்பந்தமுடையது. அதை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியெண் கிடைக்கும். ஆயினும் குடலும் சிறுநீரகமும் அதே எண்களுக்குள் வந்து விழுவதால், தசையின் எல்லையை நிபுணர் ஒருவர் படந்தோறும் கையால் வரையவேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டு பயின்ற கணினி, அந்த வேலையைச் சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. நோயாளிக்கு இதனால் மேலும் ஒரு துளிக் கதிர்வீச்சும் இல்லை.

இந்த அளவின் மகத்துவத்தை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர்கள் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள். உடல் பருத்தவராகத் தோன்றுவோரிலும் தசை வற்றியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களே விரைவில் மடிகிறார்கள் என்பதையும் அவர்கள் 2008இல் காட்டினார்கள். பிறகு 2013இல், நுரையீரல் அல்லது ஜீரண உறுப்புகளில் புற்றுநோய் கண்ட 1,473 பேரை ஆராய்ந்தபோது, எடை இழப்பு, குறைந்த தசை, கொழுப்பு ஊடுருவி அடர்த்தி குன்றிய தசை ஆகிய மூன்றும் சேர்ந்து அமைந்தவர்களில் பாதிப்பேர் 8.4 மாதங்களுக்குள் இறந்ததையும், மூன்றில் ஒன்றுமில்லாதவர்களில் பாதிப்பேர் 28.4 மாதங்களைத் தாண்டி வாழ்ந்ததையும் கண்டார்கள்; மெலிந்தவரோ பருத்தவரோ, முடிவு மாறவில்லை. பரவாத மார்பகப் புற்றுநோய் கண்ட 3,241 பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தசை குறைந்திருந்தது; அத்தகையோருக்கு மரண அபாயமும் அதிகமாக இருந்தது. எடைத் தராசை மட்டும் நம்பியிருந்தால் இவர்களுள் பலரை ஆரோக்கிய சரீரிகள் என்றே எண்ணியிருப்போம்.

இதற்கு மற்றொரு முகமும் உண்டு. கீமோதெரபி மருந்தின் அளவை, 1916இல் டூ பாய் என்ற பெயருடைய இருவர் வகுத்த சூத்திரத்தை ஒட்டி, உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் உடற்பரப்பை வைத்தே பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குத் தசையும் மற்றவருக்குக் கொழுப்பும் மிகுந்திருப்பினும் இருவருக்கும் ஒரே மருந்தளவுதான். தசை குறைந்தவர்களை மருந்தின் நச்சுத்தன்மை அதிகமாக வருத்துகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எனினும் நிதானம் தேவை. தசை குறைந்ததால் ஆயுள் குறைகிறதா, உள்ளே நோய் முற்றியதன் அடையாளமாகத் தசை குறைகிறதா என்பதை இந்த எண் மட்டும் சொல்லிவிடாது. மேலும், எவ்வளவுக்குக் கீழே போனால் தசை குறைவு என்று கனடா நாட்டாரின் சரீரத்தைக் கொண்டு வகுத்த எல்லைகள் நம்மவர்க்கு அப்படியே பொருந்தா. புனேயின் யாஜ்னிக் என்ற டாக்டரும் லண்டனின் யுட்கின் என்ற டாக்டரும் 2004இல் தங்கள் சரீரங்களையே உதாரணமாக வைத்தார்கள்: உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுபோல் 22.3, கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1 சதவீதம். நம் நாட்டுச் சரீரங்களைக் கொண்டே நமக்குரிய பிரமாணங்களை வகுக்காமல் அந்நிய எல்லைகளை யந்திரத்தில் ஏற்றினால், அது விநாடிக்கு ஒரு தவறான தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த அபாயக் கணக்கு, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் விதியாகிவிடாது. தசை குறைவு என்று கண்டால், உணவில் புரதம் போதுமா, வாந்தியும் வாய்ப்புண்ணும் சாப்பிடவிடாமல் தடுக்கின்றனவா, படுக்கையிலேயே கிடக்கிறாரா, மருந்தளவைப் பற்றி மறுமுறை யோசிக்கவேண்டுமா என்று விசாரிப்பதே வைத்தியரின் கடமை. இழந்த தசையை மீட்பது அரிதாகையால், அந்த விசாரணை சிகிச்சையின் முதல் வாரத்திலேயே தொடங்கவேண்டும். செலவு பிடிக்கும் சிகிச்சையை யாருக்கு மறுக்கலாம் என்று தேடுகிற இன்சூரன்ஸ்காரர் கையில் இந்த எண் சேரவே கூடாது. ஆகவே, ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் அளவுக்குப் பக்கத்திலேயே தசையின் அளவையும் எழுதுங்கள் என்றும், அது குறைந்திருந்தால் உணவு நிபுணரையும் பிசியோதெரபிஸ்டையும் அன்றே அழையுங்கள் என்றும் நம் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.