உஸ்ஸ்ஸ்… யாருடைய இரைச்சல் இது?

டிஸ்கி: இது சாமான் விமர்சனம் இல்லை. எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறேன். கோபம் யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

நம்ம ஆட்கள் வெளிநாடு வந்து பத்து வருஷம் ஆனதும் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, மேசை மேல் வைக்கும் ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்குகிறார்கள். இன்னொன்று, ஊரிலிருந்து எடுத்து வந்த பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்காருகிறார்கள். இரண்டும் நல்ல காரியம்தான். வம்பு எங்கே வருகிறதென்றால், காதுக்குள் செருகும் இயர்ஃபோனை அந்த ஆம்பில் சொருகியதும் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. உடனே கேசட்டைத் திட்டுகிறார்கள். கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் திறந்து குரலையும் சேர்த்து வழித்து எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் 'உஸ்' போவதில்லை. எப்படிப் போகும்? அது கேசட்டில் இருந்தால்தானே போகும்?

எங்கள் உறவில் ஒருவர் இதைச் செய்தார். சித்தூரிலிருந்து எங்க ஆயா பேசி அனுப்பிய கேசட்டுகள் அவரிடம் இருந்தன. அப்போதெல்லாம் போன் பேச நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்த காலம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி, துபாய் போகிறவர், அமெரிக்கா போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் 'சுத்தம்' செய்து எம்பி3 ஆக்கி, குடும்பத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டு, கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டார். கேட்டுப் பார்த்தேன். ஆயா கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. 'ச' எல்லாம் மொண்ணை. பின்னால் ஓடிய ரயில் சத்தம் பாதி இருக்கிறது, பாதி தண்ணீர்க் குமிழி மாதிரி கொப்பளிக்கிறது. காட்பாடி – பாகாலா பாதையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ரயில் அய்யா அது!

ஆகவே மொதல்ல பாடம். இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு டாலர் செலவில்லை. பாட்டை நிறுத்துங்கள். இயர்ஃபோன் காதில் இருக்கட்டும். ஆம்பின் வால்யூம் திருகை அடியோடு குறையுங்கள். அப்போதும் 'உஸ்' கேட்கிறதா? அது ஆம்பின் சொந்தச் சரக்கு. திருகையை ஏற்ற ஏற்ற 'உஸ்' கூடுகிறதா? திருகைக்கு முன்னாலிருந்து, அதாவது கம்ப்யூட்டரிலிருந்தோ டேக்கிலிருந்தோ வருகிறது. பாட்டு ஓடும்போது மட்டும் வந்து, நிறுத்தினால் நின்றுவிடுகிறதா? புதுசாக வந்த வேறொரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் இல்லையென்றால், அது பழைய பதிவின் இரைச்சல். (சில டேக்குகள் பாட்டு நின்றதும் தானே வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் இந்த இரண்டாவது சோதனை.) இவ்வளவுதான் சாமி. இதைச் செய்யாமல் மென்பொருளைத் திறப்பது, காய்ச்சல் யாருக்கு என்று பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போடுகிற கதை.

ஆம்பின் சொந்தச் சரக்கு என்றால் அது கெட்டுப்போன ஆம்ப் என்று அர்த்தமில்லை. சூடாக இருக்கிற எந்த மின்தடையும் ஓசை போடும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்கு எழுதினார். இரண்டு பேரும் 1928-ல் வெளியிட்டார்கள். இரண்டு பேருமே ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள், நம்மைப் போல. கேள்வி, அந்த ஓசை உங்கள் காதுக்கு எட்டுகிறதா என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஆம்பின் அடி இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் தடையுள்ள பெரிய ஹெட்ஃபோன், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்றால், இந்த இரைச்சல் காதில் சுமார் 5 டெசிபெல். யாருக்கும் கேட்காது. அதே ஆம்பில் 16 ஓம் இயர்ஃபோன், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் என்று வரட்டும். இப்போது 28 டெசிபெல். ராத்திரி பத்து மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நன்றாகவே கேட்கும். ஆம்பும் மாறவில்லை, கேசட்டும் மாறவில்லை. லாரி இழுக்கிற எஞ்சினில் சைக்கிளைக் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் வருகிறார். நான் இருக்கிற டல்லாஸில் ஒரு கடை, பேர் வேண்டாம். விஷயத்தைச் சொன்னதும் வெள்ளிக் கம்பியில் செய்த கேபிளை எடுத்து மேசையில் வைத்தார். விலையைக் கேட்டால் ஊரில் ஒரு ஆடி மாசத்துச் செலவு. கேபிள் ஆம்பின் இரைச்சலை எப்படிக் குறைக்கும் என்று கேட்டேன். 'கேட்டால் தெரியும்' என்றார். கேட்கத்தானே வந்திருக்கிறேன்! கம்பி வெள்ளியோ தங்கமோ, ஆம்ப் அனுப்புகிற 10 மைக்ரோவோல்ட்டை அது அப்படியே காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்ல கேபிளின் வேலையே அதுதான்.

நிஜமான வைத்தியம் மலிவானது, அதனால்தான் யாரும் விற்பதில்லை. ஆம்பின் பின்னாலோ முன்னாலோ 'கெயின்' சுவிட்ச் இருந்தால் குறைந்த பக்கம் தள்ளுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். திருகையோடு சேர்ந்து ஏறும் இரைச்சல் என்றால், கம்ப்யூட்டரில் வால்யூமை முழுசாக வைத்து, ஆம்பில் குறைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஆட்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருபது சதவீதம், ஆம்பில் முக்கால் திருகு. பாட்டைச் சின்னதாக்கி, இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்குகிற வேலை. திருகை அடியில் இருந்தும் 'உஸ்' நிற்கவில்லையென்றால் நான்கு மின்தடைகள் போதும். ஒவ்வொரு காதுக்கும் 33 ஓம் ஒன்று தொடராக, 3.3 ஓம் ஒன்று குறுக்கே. மேலே சொன்ன 16 ஓம் இயர்ஃபோனுக்கு இது சுமார் 22 டெசிபெல் குறைக்கும். 28 போய் 6 ஆகிவிடும். சும்மா ஒரு 100 ஓம் தடையைத் தொடராகப் போட்டாலும் சத்தம் குறையும், ஆனால் காதுக்குள் செருகும் பல இயர்ஃபோன்களில் சுருதியின் நிறமே மாறிவிடும். குறுக்கே போகிற அந்தச் சின்னத் தடைதான் முக்கியம்.

'உஸ்' இல்லை, 'ம்ம்ம்' என்று உறுமுகிறது என்றால் அது வேறு வியாதி. தரை இணைப்புச் சுற்று. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் சார்ஜர்தான் குற்றவாளி. மவுஸை நகர்த்தும்போது கீச்சிட்டால் யூஎஸ்பி வழியாக வருகிறது, வேறு ஓட்டையில் சொருகிப் பாருங்கள்.

இந்த உறுமலில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. கேசட்டை ஏற்றிவிட்டு, அந்த உறுமலை மட்டும் அலைவரிசைப் படத்தில் பாருங்கள். 60, 120 என்று முள் எழுந்தால் அது உங்கள் டல்லாஸ் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது, கண்டிப்பாகச் சரிசெய்யுங்கள். 50, 100 என்று இருந்தால் அது சித்தூர் வீட்டுக் கரண்ட். ஆயா பேசும்போது கூடத்தில் ஓடிய கரண்ட். டேப்பின் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் 50 போய் 60 ஆகாது. அதைத் துடைப்பீர்களா? எனக்கு மனசு வராது.

இனி கேசட்டின் சொந்த இரைச்சல். பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த அந்தச் சின்ன டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். குறுகலான தடம், மெதுவான ஓட்டம், காந்தத் துகள்கள். 'உஸ்' இல்லாமல் இருக்க முடியாது. ரே டால்பி 1960-களின் கடைசியில் டால்பி பி என்று ஒன்றைச் செய்தது இதற்காகத்தான். அதுகூட இரைச்சலைச் சுமார் 10 டெசிபெல் அமுக்கியதே தவிர, அழிக்கப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

ஏன் அழிக்கக்கூடாது? நம் பேச்சில் 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் ஒலிப்பது நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். கேசட் இரைச்சல் காதை உறுத்துவதும் அங்கேதான். மென்பொருளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 6 டெசிபெல் குறைத்தால் தப்பில்லை. 24, 30 என்று போனால் முதலில் சாவது மெய்யெழுத்து, அப்புறம் தம்பூராவின் ஜீவா. எம்.எஸ். அம்மாவின் 1963 சுப்ரபாதத்தையே 'மெருகேற்றியது' என்று சொல்லி யாராவது போட்டால் கேட்டுப் பாருங்கள். இரைச்சலோடு மூச்சும் போயிருக்கும். திருப்பதியில் காலை நாலு மணிக்கு டீக்கடையில் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த மூச்சில்தான் பாதிப் பாட்டு. பழைய பதிவில் இரைச்சல் இருப்பதும் ஒரு பாக்கியம்தான். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பதிவுகள் உஸ்ஸோடு கிடைக்கின்றன. அவருடைய குரு காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை இசைத்தட்டில் பாட மறுத்தவர், 1934-ல் போய்விட்டார். அவருக்கு இரைச்சலும் இல்லை, குரலும் இல்லை.

'இரைச்சலோடு இருந்தால் பசங்க கேட்க மாட்டாங்க' என்கிறார்கள். சரி, நியாயம். பசங்களுக்குத் தனியாக ஒரு பிரதி சுத்தம் செய்து கொடுங்கள். யார் வேண்டாம் என்றது? ஆனால் தொடாத மூலம் ஒன்று இருக்கட்டும். ஒரு மணி நேரக் கேசட், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் ஸ்டீரியோவாக ஏற்றினால் சுமார் ஒரு ஜிபி. உங்கள் போனில் இருக்கிற கல்யாண வீடியோ ஒன்றை அழித்தால் இடம் கிடைத்துவிடும். இன்னும் பத்து வருஷத்தில் இதைவிட நல்ல மென்பொருள் வரும். அப்போது மூலம் கையில் இருந்தால்தான் அதற்கு வேலை.

நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் பேச்சு சினிமாவில் இருக்கிறது, கதைகளில் இருக்கிறது. சித்தூர்த் தமிழ் எங்கே இருக்கிறது? 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மட்டும் இந்தப் பக்கம் வந்தது, நாங்கள் அந்தப் பக்கமே இருந்துவிட்டோம். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும் கலந்து. நகரியிலும் சத்தியவேட்டிலும் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் எங்க ஆயா தலைமுறை பேசிய மாதிரி, ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் கோபப்பட்டு மறுபடி தமிழில் முடிக்கிற பேச்சு, எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அது இருக்கிற இடம் இந்த மாதிரிக் கேசட்டுகள்தான். அதன் மேல்தான் நம்ம ஆட்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள், தப்பு நூறு டாலர் ஆம்பில் இருக்கும்போது!

பி.கு: கேசட் பிளேயரில் ஒலி மந்தமாக இருந்தால் மென்பொருளில் ட்ரெபிளை ஏற்றாதீர்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். டேப் ஓடும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, 'ச' எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் வேறு வேறாக இருக்கும், ஏனென்றால் பதிவு செய்த டேப்ரிகார்டர் வேறு. டால்பி போடாமல் பதிவான கேசட்டுக்கு டால்பி பொத்தானை அழுத்தாதீர்கள். சித்தூரில் ஆயா பேசிய ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரிகார்டரில் அந்தப் பொத்தானே கிடையாது.