ஸ்கீ போனாலும் பரவாயில்லை... பூட்ஸை மட்டும் விடாதீங்க!

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் டென்வர், ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா மாதிரியான ஏர்போர்ட்களில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் நீளமான ஸ்கீ பலகைகளை செக்-இன் கவுன்ட்டரில் கொடுத்துவிடுவார்கள். ஆனால், ரோபோவின் காலைக் கழற்றி எடுத்து வந்ததுபோல இருக்கும் அந்த பிளாஸ்டிக் பூட்ஸை மட்டும் யாரிடமும் தராமல், தோளில் தொங்கவிட்டபடி விமானத்துக்குள் ஏறுவார்கள்.

ஒரு ஜோடி நாலைந்து கிலோ வரும். அதை எதற்கு இப்படிச் சுமக்க வேண்டும்?

ஸ்கீ பலகை, கம்பு, ஹெல்மெட், கண்ணாடி எல்லாமே மலையடிவாரக் கடைகளில் நல்ல தரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸும் கிடைக்கும்தான். ஆனால், அது உங்கள் காலுக்கான பூட்ஸ் இல்லை. ஸ்கீ பூட்ஸின் வெளிப்பக்கம் கல்மாதிரி இறுகிய பிளாஸ்டிக் கூடு. உள்ளே மெத்தென்று ஒரு உறை. வாங்கும்போதே அந்த உறையைச் சூடாக்கி, காலை உள்ளே விடச்சொல்லி, ஆறும்வரை நிற்கவைப்பார்கள். உங்கள் கணுக்கால் எலும்பு எங்கே துருத்துகிறது, குதிகால் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். எங்காவது அழுத்தினால் பிளாஸ்டிக்கையே அந்த இடத்தில் சூடாக்கி வெளியே தள்ளிக்கொடுப்பார்கள். பொருந்தாத பூட்ஸில் ஒரு நாள் சறுக்கினால் கால் நகம் கறுத்துப்போகும். கணுக்கால் முன்பக்கம் இடித்து இடித்து வீங்கும். ஆறு நாள் டூரில் இரண்டாம் நாளே அறையில் காலை நீட்டிப் படுத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பூட்டுக்கு ‘பைண்டிங்’ என்று பெயர். விழும்போது சரியான நொடியில் அது காலை விட்டுவிட வேண்டும். இறுக்கம் கூடினால் விடாது. முழங்காலோ கெண்டைக்கால் எலும்போ முறுக்கிக்கொள்ளும். குறைந்தால், சரிவில் போய்க்கொண்டிருக்கும்போதே கழன்றுவிடும். இந்த இறுக்கத்தை உங்கள் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாவற்றையும் பார்த்து வைப்பார்கள். கூடவே பூட்ஸின் அடிப்பாக நீளத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் பார்ப்பார்கள். ஒரே சைஸ் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி இந்த நீளம் மாறும்.

அதனால் பலகை வந்து, பூட்ஸ் வராமல் போனால், ‘வாடகை பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்’ என்று நினைக்கவே கூடாது. கடைக்காரரிடம் கொடுத்து பைண்டிங்கை அந்த பூட்ஸுக்கு மறுபடி சரிசெய்த பிறகுதான் சரிவுக்குப் போக வேண்டும்.

லக்கேஜ் தொலைவது அவ்வளவு சகஜமா என்றால், சகஜமில்லைதான். சிட்டா என்ற விமானத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகம் முழுக்க 1,000 பயணிகளுக்கு 6.9 பைகள்தான் தாமதமாகவோ, சேதமாகவோ, காணாமலோ போயிருக்கின்றன. பிரச்னை என்னவென்றால், ஸ்கீ சீஸனும் பனிப்புயல் சீஸனும் ஒன்றாகத்தான் வரும். 2022 கிறிஸ்துமஸ் நேரத்தில் அமெரிக்காவில் புயல் அடித்தபோது சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் சில நாள்களுக்குள் ரத்தாயின. டென்வர் உட்படப் பல ஏர்போர்ட்களில் பெட்டிகள் மலைபோலக் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, விமானத்துக்குள் விடுவார்களா? அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறையின் பட்டியலில் ஸ்கீ பூட்ஸுக்கு கேபினில் அனுமதி உண்டு. கூர்முனை கொண்ட ஸ்கீ கம்புக்குக் கிடையாது. ஸ்கேனரில் சந்தேகம் வந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் ‘அனுமதி உண்டு’ என்பதும் ‘இலவசம்’ என்பதும் வேறு வேறு. ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமானங்களில் சீட்டுக்கு அடியில் போகிற சின்னப் பை மட்டும்தான் டிக்கெட்டோடு வரும். ஸ்கீ பூட்ஸ் பை அதில் அடங்காது. கேட்டில் மாட்டினால் அபராதம் மாதிரி ஒரு தொகை வாங்குவார்கள். டிக்கெட் போடும்போதே கேபின் பைக்குப் பணம் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். பல அமெரிக்க நிறுவனங்களில் ஸ்கீ பையும் பூட்ஸ் பையும் சேர்ந்து ஒரே லக்கேஜ் கணக்கு. அந்தச் சலுகையைப் பார்த்ததும் பூட்ஸையும் செக்-இன் செய்யக் கை துறுதுறுக்கும். என் ஓட்டு அதற்கு இல்லை. நேரடி விமானம் என்றால்கூட யோசிக்கலாம். நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

‘காலிலேயே போட்டுக்கொண்டு ஏறிவிட்டால்?’ என்று சிலருக்குத் தோன்றும். செக்யூரிட்டியில் கழற்றச் சொல்வது இருக்கட்டும். அந்த பூட்ஸில் கணுக்கால் மடங்காது. அவசரத்துக்கு ஓட முடியாது. தரையில் நடந்து அடிப்பாகம் தேய்ந்தால், பைண்டிங் சரியாக விடுவிக்காது.

பையில் வைக்கும்போது பக்கிள்களை லேசாக மாட்டி வையுங்கள். திறந்தே விட்டால் பிளாஸ்டிக் விரிந்து வடிவம் மாறும். பக்கிளும் எதிலாவது சிக்கி உடையும். பூட்ஸுக்குள் இருக்கும் வெற்றிடம் வீணாகப் போகவேண்டாம். சாக்ஸ், கையுறை, கண்ணாடி எல்லாம் அதற்குள்ளேயே போகும். பேட்டரியில் சூடாகும் சாக்ஸ் வைத்திருப்பவர்கள், கழற்றிய லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. அது கேபினில்தான் வர வேண்டும்.

நம் ஊரிலிருந்து ஸ்ரீநகர் வழியாக குல்மார்க் போகிறவர்களும் இப்போது நிறைய பேர். உள்நாட்டு விமானங்களில் கேபின் பைக்கு பொதுவாக 7 கிலோதான். பூட்ஸே நாலைந்து கிலோவைத் தின்றுவிடும். கனமான ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள்வதுதான் வழி. முதல்முறை போகிறவர்கள் பூட்ஸ் வாங்கவே வேண்டாம். குல்மார்க்கில் வாடகைக்கு எடுத்தால் போதும். எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் தூக்கக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடுவது நம்மவர்களின் வழக்கம். அதில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு கால் இன்னும் சில்லிடும். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும்.

பூட்ஸை செக்-இன் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் போட்டோ எடுத்துவையுங்கள். அடிப்பாக நீளம், பூட்ஸின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதுவும் படத்தில் விழட்டும். பெட்டி வரவில்லை என்றால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும் முன்பே எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிந்து, அதன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுக்கும் பூட்ஸின் பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாள்களுக்குள்ளும் எழுதிக் கேட்க வேண்டும். 21 நாள்கள் ஆகியும் வரவே இல்லை என்றால், தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம்.

திரும்பி வரும்போதும் வேலை இருக்கிறது. கடைசி நாள் சறுக்கிய ஈரத்தோடு பையில் போட்டு மூடினால், வீட்டில் திறக்கும்போது அடிக்கும் வாடைக்கு அக்கம்பக்கத்தினரும் ஓடிவருவார்கள். உள் உறையைக் கழற்றி அறையிலேயே ஒரு ராத்திரி காயவிடுங்கள். ஹீட்டர் மேல் நேராக வைத்துவிடாதீர்கள். சூட்டில் உங்கள் காலின் வடிவத்தைப் பிடித்த உறை, அதே சூட்டில் அதை மறந்தும்விடும்.