பாதியில் நிற்கும் ராக்கெட்... பறக்க வைப்பது யார்?

1965 ஜூன் மாதம். ஜெமினி 4 விண்கலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார் அமெரிக்க விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட். அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒரு வேலை, பார்க்கச் சுலபமாகத்தான் தெரிந்தது. அவர்களைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மேல் பகுதி கழன்று, கண்ணுக்கெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

மெக்டிவிட் கலத்தை அதை நோக்கித் திருப்பி, என்ஜினைத் தட்டினார். நெருங்குவதற்குப் பதில் அது விலகிப்போனது. மறுபடி தட்டினார். இன்னும் விலகியது. எரிபொருள் கரைவதைப் பார்த்து, கடைசியில் முயற்சியையே கைவிட்டார்கள்.

காரணம் இதுதான். சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதை என்றால் பெரிய வட்டம். ஒரு சுற்று முடிக்க அதிக நேரம். ஆக, முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் பிரேக் போட வேண்டும்! வேகம் குறைந்தால் கலம் கீழே இறங்கும். சின்ன வட்டத்தில் சீக்கிரம் சுற்றி முன்னேறும். பிறகு மேலே ஏறிப் பிடித்துக்கொள்ளலாம். ஓடிப்போய் பஸ் ஏறிப் பழகிய நம் புத்திக்கு இது ஏறாது.

ஆனால், இன்று உலகம் முழுக்க ஏராளமான பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரியும். பாடப்புத்தகத்தில் படித்ததில்லை. ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கம்ப்யூட்டர் கேமில் நூறு ராக்கெட்டை வெடிக்கவிட்டுக் கற்றுக்கொண்டது.

அந்த விளையாட்டின் கதை மெக்ஸிகோ சிட்டியில், ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆரம்பிக்கிறது. ஸ்குவாட் என்று பெயர். கேம் தயாரிக்கிற கம்பெனியே அல்ல. அங்கே வேலை பார்த்த பிரேசில்காரர் ஃபெலிப்பே ஃபலாங்கே, ‘கேம் செய்யப் போகிறேன், வேலையை விடுகிறேன்’ என்று முதலாளிகளிடம் போய் நின்றார். ‘கையிலிருக்கும் வேலையை முடித்துக் கொடு, அந்த கேமை இங்கேயே செய்’ என்றார்கள் அவர்கள். சிறுவயதில் அலுமினியத் தாளில் குட்டி உருவங்கள் செய்து, பட்டாசு ராக்கெட்டில் கட்டிவிட்டவர் ஃபலாங்கே. அந்தக் குட்டி உருவங்களுக்கு அன்றே வைத்த பெயர்தான் ‘கெர்பல்’.

2011 ஜனவரியில் வேலை தொடங்கி, ஜூன் 24-ம் தேதியே முதல் பதிப்பைப் பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரே ஒரு கிரகம். நிலா கிடையாது. விரல் விட்டு எண்ணக்கூடிய ராக்கெட் பாகங்கள். கட்டு, ஏவு, விழு. அதோடு சரி. முழு ஆட்டம் என்று சொல்லக்கூடிய 1.0 பதிப்பு வந்தது 2015 ஏப்ரலில். நடுவில் கிட்டத்தட்ட நான்கு வருடம், மக்கள் விளையாடிக்கொண்டிருந்தது முடிக்கப்படாத ஒரு பொருளைத்தான்!

முடியாத வீட்டில் குடியேற யார் சம்மதிப்பார்கள்? இங்கே சம்மதித்தார்கள். காரணம், கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ராக்கெட் பாகங்களின் எடை, உந்துவிசை எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்தன. யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம். இப்படி ரசிகர்களே செய்து சேர்க்கும் இணைப்புக்குத்தான் கேம் உலகில் ‘மாட்’ என்று பெயர். (நம் ஊர் மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், கேமுக்குப் பால் கொடுப்பது இதுதான்.)

ராக்கெட்டைத் தானாக ஓட்டும் ‘மெக்ஜெப்’ என்ற மாட் வந்தது. கேமில் இருக்கும் கிரகங்கள் நிஜத்தைவிட ரொம்பச் சின்னவை. அவர்களுடைய பூமியின் ஆரம் வெறும் 600 கிலோமீட்டர்தான். ‘இது போதாது, நிஜ பூமியே வேண்டும்’ என்று அடம்பிடித்த சிலர், நம் சூரியக் குடும்பத்தை நிஜ அளவில் கொண்டுவந்து வைத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு ஈர்ப்புவிசைக் கணக்கே பிடிக்கவில்லை. கேமில் ஒரு நேரத்தில் ஒரு கோள்தான் கலத்தை இழுக்கும். நிஜத்தில் சூரியன், பூமி, நிலா எல்லாம் சேர்ந்தே இழுக்கும். அந்தக் கணக்கு முழுவதையும் எழுதி, நியூட்டனின் புத்தகப் பெயரையே வைத்து ‘பிரின்கிபியா’ என்ற மாட்டாக வெளியிட்டார்கள். சம்பளம்? ஒரு பைசா கிடையாது.

விமானப் பாகங்களை அழகாகச் செய்த ஒரு மாட்காரரைக் கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கொண்டு, அவருடைய பாகங்களைக் கேமிலேயே சேர்த்தது. 2014-ல் நாசாவோடு கைகோத்து, சிறுகோளைப் பிடித்து இழுக்கும் பயணத்தைக் கேமில் கொண்டுவந்தார்கள். 2020-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் வந்தது. நாசாவில் வேலை பார்த்து, பிறகு கார்ட்டூனிஸ்ட் ஆன ராண்டல் மன்றோ ஒரு வரைபடமே போட்டார். இயற்பியல் பட்டம், நாசா வேலை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய சுற்றுப்பாதை அறிவு, கெர்பல் விளையாட ஆரம்பித்ததும் செங்குத்தாக எகிறுகிறது அதில்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் முடிவதற்குள் வாங்கியவர்களுக்கு, பின்னாளில் வரும் கூடுதல் பகுதிகள் இலவசம் என்று கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார்கள். கேமின் உரிமை கைமாறிய பிறகும்!

கலத்தை உலுக்கிய பூதம்

கேமில் ஒரு பூதமும் இருந்தது. பெரிய கலத்தை வெற்றிகரமாக மேலே அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், கலம் காரணமே இல்லாமல் நடுங்கி, துண்டு துண்டாகச் சிதறும். ரசிகர்கள் இதற்குக் கப்பலை விழுங்கும் கடல் பூதத்தின் பெயரை வைத்தார்கள்: ‘கிராக்கன்’.

உண்மையில் அது எண் கணக்குக் கோளாறு. கேம் இயங்கிய மென்பொருள், இடத்தைக் குறிக்கும் எண்களை ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியத்தோடுதான் வைத்திருக்கும். புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பிரச்னை இல்லை. 600 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், அந்த எண்ணால் சுமார் 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த அசைவைச் சொல்லவே முடியாது. போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு பாகங்கள், கம்ப்யூட்டரின் கணக்கில் ஆறு சென்டிமீட்டர் அங்கே இங்கே குதிக்கும். மூட்டு உடையாமல் என்ன செய்யும்?

தீர்வு வேடிக்கையானது. கலத்தை எப்போதும் பூஜ்யத்திலேயே நிறுத்திவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் மொத்த அண்டத்தையும் நகர்த்தினார்கள்! பூதம் பெரும்பாலும் அடங்கியது. ஆனால், அடித்தளத்தில் இருக்கும் குறையை ஒட்டுப்போட்டுத்தான் சமாளிக்க முடிந்தது.

ஐம்பது டாலர் பாடம்

2017-ல் அமெரிக்காவின் டேக்-டூ நிறுவனம் இந்த விளையாட்டின் உரிமையை வாங்கியது. 2019-ல் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், காலனிகள், நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி என ஆசையைத் தூண்டும் பட்டியல். அடுத்த வருடமே வரும் என்றார்கள். நடுவில், செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவிடமிருந்து வேலை பிடுங்கப்பட்டு, டேக்-டூ தானே தொடங்கிய இன்டர்செப்ட் என்ற ஸ்டுடியோவுக்குப் போனது. பழைய ஸ்டுடியோ மூடப்பட்டது.

கடைசியில் 2023 பிப்ரவரி 24-ல் வந்தது ‘ஏர்லி ஆக்சஸ்’ என்ற பெயரில். இன்னும் தயாராகவில்லை, இப்போதே வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம். விலை 50 டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்தில் நாலாயிரத்துக்கும் மேல். நல்ல விலையுள்ள கம்ப்யூட்டரிலேயே திணறியது. ராக்கெட் நூடுல்ஸ் மாதிரி நெளிந்தது. வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும்போது வெப்பமே இல்லை! முதல் பாகத்தில் இருந்த அறிவியல் ஆய்வுப் பகுதி பத்து மாதம் கழித்து, டிசம்பரில்தான் சேர்ந்தது. அப்போது கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. கேமைப் பற்றி நல்ல வார்த்தைகளும் வரத் தொடங்கின.

2024 மே மாதம், சியாட்டிலில் 70 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அரசுக்குக் கொடுத்த நோட்டீஸ் வெளியே வந்தது. ஜூனோடு அப்டேட்கள் நின்றுபோயின. காலனியும் வரவில்லை, வேற்று நட்சத்திரமும் வரவில்லை. அதற்குப் பிறகும் கேம் விற்பனையில் இருந்ததுதான் ரசிகர்களுக்குப் பொறுக்க முடியாத கோபம். பில்டர் ஓடிப்போன பிறகும் சைட் ஆபீஸில் புக்கிங் நடந்தால் எப்படி இருக்கும்?

இரண்டு கேமும் முடியாமல்தான் கடைக்கு வந்தன. முதலாவது, கையில் இருப்பதை மட்டும் காட்டி, இலவசமாகத் தொடங்கி, வளர வளர விலையை ஏற்றியது. இரண்டாவது, கையில் இல்லாததைக் காட்டி முழு விலையையும் முதலிலேயே வாங்கியது. பெயர் மட்டும்தான் ஒன்று.

இப்போது பூனைகள்

நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கிறது ராக்கெட்வெர்க்ஸ் ஸ்டுடியோ. நடத்துபவர் டீன் ஹால். நியூஸிலாந்து ராணுவத்தில் இருந்தவர். 2013-ல் எவரெஸ்ட் ஏறியவர். கேம் உலகில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு மாட்! ‘ஆர்மா 2’ என்ற போர் விளையாட்டின் மேல், 2012-ல் அவர் செய்து சேர்த்த ‘டே-இசட்’ என்ற ஜாம்பி மாட்.

அந்த ஸ்டுடியோ இப்போது செய்துகொண்டிருப்பது ‘கிட்டன் ஸ்பேஸ் ஏஜென்சி’. கெர்பல்களின் இடத்தில் பூனைக்குட்டிகள். இன்னும் ஆரம்பக் கட்டம்தான். 2025-லேயே பொதுமக்கள் கைக்கு முதல் பதிப்புகளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். விலை கிடையாது, விரும்பினால் பணம் கொடுக்கலாம் என்பதுதான் திட்டம்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேம் மென்பொருளை எடுக்காமல், அடித்தளத்தைத் தாங்களே எழுதுகிறார்கள். கிராக்கன் பூதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர்களுக்கு, ஏன் இந்தச் சிரமம் என்பது புரியும். நம் சூரியக் குடும்பம் நிஜ அளவிலேயே உள்ளே இருக்கிறது. கிரகங்களைப் பற்றிய விவரங்கள் திறந்து படிக்கக்கூடிய கோப்புகளில் இருப்பதால், மாட்காரர்கள் முதல் நாளிலிருந்தே கை வைக்கலாம்.

அந்த மாட்காரர்களில் ஒருவரின் பயணமே தனிக் கதை. முதல் கெர்பலுக்கு அசல் வானம் போலவே மேகங்களும் வளிமண்டல ஒளியும் செய்து கொடுத்தவர் அவர். அதைப் பார்த்துத்தான் இரண்டாம் பாகத்தின் ஸ்டுடியோ அவரை வேலைக்கு எடுத்தது. அது மூடப்பட்ட பின், இப்போது பூனைகளுக்காக மேகம் வரைகிறார். ஒரே வானத்தை மூன்றாவது தடவை!

கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட வேண்டியதில்லை. டே-இசட் தனி கேமாக 2013 டிசம்பரில் ஏர்லி ஆக்சஸில் வந்து, முழுமையடைந்தது 2018 டிசம்பரில். ஐந்து வருடம்! ஹால் அதற்கு வெகுமுன்பே, 2014-லேயே அங்கிருந்து விலகிவிட்டார். இலவசம் என்றாலும் அத்தனை பேருக்கும் சம்பளம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இந்த முறை கைவிடப்பட்டால் பறிபோக ரசிகர்களின் பணம் இருக்காது. அவர்கள் மாட் செய்யப் போடும் இரவுகள் போகும். அதற்கு யாரும் ரீஃபண்ட் தருவதில்லை.

விளையாடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். பூனைக்குட்டிகள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதுவும் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. பழைய முதல் கெர்பல் இன்னும் கிடைக்கிறது. சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். பத்து வருட மாட்கள் குவிந்து கிடக்கின்றன. கையில் இருப்பது போன் மட்டும் என்றால், ‘ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டர்’ ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. படம் தட்டையாகத்தான் இருக்கும். ஆனால், முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க அதிலும் பிரேக்தான் போட வேண்டும்.