வார்னிங்கை வாயடைக்காதீங்க

விஷுவல் ஸ்டுடியோவில் சி புரோகிராம் எழுதின எல்லாருக்கும் சி4996 பழக்கம்தான். 'ஸ்ட்ர்காப்பி பாதுகாப்பில்லை' என்று கத்தும். பலபேர் உடனே ஃபைலின் தலையில் 'சிஆர்டி செக்யூர் நோ வார்னிங்ஸ்' என்று ஒரு டிஃபைன் போட்டு அதை அடக்கிடுவாங்க. அவுட்புட் வந்தாச்சு, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. ஆனா என்னைக் கேட்டா, அணைப்பதைவிட மோசம் அரைகுறையா திருத்துவது. திருத்தின மாதிரி தெரியறதால அதை யாரும் திரும்பப் பார்க்க மாட்டாங்க.

பிரச்சினை என்ன? டெஸ்டினேஷன் எவ்வளவு பெரிசுன்னு ஸ்ட்ர்காப்பிக்குத் தெரியாது. சோர்ஸில் நல் பைட் வரும் வரை எழுதிக்கிட்டே போகும். கெட்ஸும் இதே ரகம்தான். 1988-ல் மோரிஸ் வார்ம், யூனிக்ஸ் ஃபிங்கர் சர்வரின் 512 பைட் பஃபரை அதன் வழியாத்தான் நிரம்பி வழிய வச்சு உள்ளே புகுந்தது. 2011 சி ஸ்டாண்டர்டில் கெட்ஸையே தூக்கிட்டாங்க. ஸ்ட்ர்காப்பி இன்னும் இருக்கு.

சரி, நடுவில் ஒரு 'என்' சேர்த்து ஸ்ட்ர்என்காப்பி ஆக்கினா போதுமா? சோர்ஸ் நீளமா இருந்தா அது கடைசியில் நல் பைட் போடாது. 20 பைட் அர்ரேயில் ஆங்கிலத்தில் கார்த்திகேயன்னு டைப் பண்ணி டெஸ்ட் பண்ணுங்க. 11 எழுத்துதான், ஜம்முனு உட்காரும். அதையே தமிழில் போடுங்க. யுடிஎஃப்-8-ல் 39 பைட், நல்லோடு 40. ஏழாவது கேரக்டரின் மூணு பைட்டில் ரெண்டோட நின்னுடும், நல்லும் கிடையாது. பிரிண்ட் பண்ணினா பக்கத்து மெமரியும் சேர்ந்து வரலாம். (தமிழ்ல யாருடா டெஸ்ட் பண்றாங்கன்னு கேட்காதீங்க, அதான் விஷயமே.)

ஸ்ட்ர்காப்பி_எஸ் போட்டு சைஸ்ஆஃப் கொடுத்தாலும் ஒரு பொறி இருக்கு. ஃபங்ஷனுக்குள் வந்த அர்ரே வெறும் பாயின்டர். 64 பிட் மெஷினில் சைஸ்ஆஃப் 8-தான் சொல்லும். ரவி பாஸ், கார்த்திகேயன் கிராஷ்.

அதனால பஃபரோடு அதன் அளவையும் ஃபங்ஷனுக்கு அனுப்புங்க. எஸ்என்பிரிண்ட்எஃப்-ல் பர்சென்ட் எஸ் போட்டு எழுதுங்க. அது திருப்பித் தர்ற எண்ணைக் கட்டாயம் பாருங்க. அளவுக்குச் சமமாவோ அதிகமாவோ இருந்தா பெயர் வெட்டுப்பட்டிருக்கு. வெட்டிட்டு போகலாமா, எரர் காட்டி நிறுத்தலாமா? நான் நிறுத்துவேன். பாதிப் பெயர் அச்சான ஹால் டிக்கெட்டோட எக்ஸாம் செல் வாசல்ல நிக்கப்போறது கோடு எழுதினவன் இல்லையே.